ஸ்லாக் கீ கிட்டாரில் எந்த விரலால் எந்தத் தந்தியை மீட்டுவது

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் கிட்டார் பயில வருகிறவர்கள், சாதாரண வாசிப்பிலிருந்து ஸ்லாக் கீ முறைக்கு மாறும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்: மீட்டும் கையில் இரண்டு விரலா, மூன்று விரலா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் எண்ணிக்கையிலிருந்து தொடங்கியவர்கள் பலர் ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து வர நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். நானே அப்படி ஓர் ஆண்டை இழந்தவன். கட்டைவிரலின் வேலை முதலில் முடிவாக வேண்டும். அது முடிவான பிறகு, மெட்டு எந்தத் தந்திகளில் எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்து, பகுதி பகுதியாக மற்ற விரல்களை நியமிக்க வேண்டும். இந்த வரிசையில் போனால் எண்ணிக்கை தானாகவே தெரிந்துவிடும்.

ஸ்லாக் கீ ஹவாய்த் தீவுகளில் வளர்ந்த வாசிப்பு முறை. அம்மக்கள் மொழியில் கீ ஹோஆலு என்பார்கள். தந்தியின் முறுக்கைத் தளர்த்துவது என்று பொருள் கொள்ளலாம். 1793-இல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவர் அங்கே கொண்டுபோய்க் கொடுத்த மாடுகள் பெருகிப் பயிர்களை அழிக்கத் தொடங்கியதால், மூன்றாம் கமேஹமேஹா மன்னர் 1830களில் மெக்சிகோவைச் சேர்ந்த மாடு மேய்ப்பர்களை வரவழைத்தார் என்றும், கிட்டார் அவர்களோடு வந்து சேர்ந்தது என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சுருதியமைப்புகள் வெகுகாலம் குடும்பச் சொத்தாகவே காக்கப்பட்டன. இந்த இசையின் முதல் ஒலிப்பதிவை ஹவாய்க் கிட்டார் கலைஞர் கேபி பஹினுயி 1946-இல்தான் செய்தார். வீட்டுக்கு வீடு காதால் கேட்டுக் கற்ற கலை என்பதால், மேற்கத்திய செவ்வியல் கிட்டாரில் இருப்பது போன்ற ஒரே விரல் விதி இதில் இல்லை. கட்டைவிரலோடு ஒரே ஒரு விரலை வைத்து வாசிப்பவர்களும் உண்டு, இரண்டு வைப்பவர்களும் உண்டு, மூன்று வைப்பவர்களும் உண்டு. ஆகவே ஒருவருடைய காணொளியைப் பார்த்து அவர் விரல்களை அப்படியே எடுத்துக்கொள்வதால் பெரிய பயன் கிடைக்காது. அவர் ஏன் அந்த இடத்தில் அந்த விரலை வைத்தார் என்று கேட்பதில்தான் பயன் இருக்கிறது.

இக்கட்டுரை முழுவதும் டாரோ பேட்ச் என்ற சுருதியமைப்பையே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்ச் சேப்பங்கிழங்குதான் டாரோ. சேப்பங்கிழங்கு பயிரிட்ட பாத்தி என்பது அந்தப் பெயரின் பொருள். வழக்கமான சுருதியில் உள்ள கிட்டாரில், மிகத் தடித்த ஆறாம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கும், ஐந்தாம் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கும், மிக மெல்லிய முதல் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். மற்ற மூன்றையும் தொட வேண்டாம். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை டி, ஜி, டி, ஜி, பி, டி என்று நிற்கும். ஜி-யைச் சட்ஜமாகக் கொண்டால் ப, ச, ப, ச, க, ப. நம் காதுக்கு இதைவிட இணக்கமான அமைப்பு வேண்டியதில்லை. இதில் தடித்த மூன்று தந்திகளும் திறந்த நிலையிலேயே பஞ்சமமும் சட்ஜமுமாக ஒலிப்பதால், இடக்கை மெல்லிய தந்திகளில் மெட்டைத் தேடிப் போகும்போதும், அடியில் ஒலிக்கும் கனத்த சுரங்களான பேஸ் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க முடிகிறது. அதை ஓட்டுவது கட்டைவிரல்.

முதல் பத்து நாட்கள் கட்டைவிரலை மட்டும் பழகுங்கள். ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, ஆறாம் தந்தி, மீண்டும் நான்காம் தந்தி: இந்த நான்கு அடிகளும் சேர்ந்து ஒரு சுற்று. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஓர் அடி என்று வாசிக்கலாம். கட்டைவிரல் அதன் அடிமூட்டிலிருந்து அசைய வேண்டும். நுனி மூட்டை மடக்கிக் கொக்கி போட்டு இழுத்தால் தந்தி மேலே எழும்பி, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியான ஃப்ரெட்டில் அடிபடும். கையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், கட்டைவிரல் நுனி சுட்டுவிரலைவிட ஓர் அங்குலமாவது கிட்டாரின் கழுத்துப் பக்கமாக முன்னால் இருக்க வேண்டும். அது பின்னால் போய் உள்ளங்கைக்குள் ஒளிந்தால், பிறகு எந்த விரலைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டும் மோதிக்கொள்ளும்.

பழகிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை வைத்திருக்கிறேன். சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் ஒருவரைப் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். "சாப்பிட்டாச்சா? என்ன குழம்பு?" என்று கேட்டால், பேஸ் தடுமாறாமல் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லும் நேரத்தில் நான்காம் தந்தி ஒருமுறை தவறினாலும் இன்னும் இரண்டு நாள் அதையே வாசிக்க வேண்டும். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் மெட்டு வந்து சேரும்போது உங்கள் கவனம் முழுவதும் அதற்குத் தேவைப்படும். கட்டைவிரலுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

வீணை பயின்ற பெண் ஒருவர் என்னிடம் வந்தபோதுதான் இந்தக் கட்டைவிரல் விஷயம் எனக்கே முழுமையாக விளங்கியது. வீணையில் வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்திகளை மாறி மாறி மீட்ட, பக்கத்தில் உள்ள தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் மேல்நோக்கித் தட்டும். கட்டைவிரலுக்கு அங்கே மீட்டும் வேலையே இல்லை. அதனால் அவருடைய சுட்டுவிரலும் நடுவிரலும் முதல் நாளிலேயே என்னுடையவற்றைவிட ஒழுங்காக மாறி மாறி விழுந்தன. கட்டைவிரல் மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் விறைத்து நின்றது. சுண்டுவிரலோ தாளம் வரும் இடத்திலெல்லாம் காற்றில் அசைந்தது. வீணையில் உங்கள் சுண்டுவிரல் பார்த்த வேலையைத்தான் இங்கே கட்டைவிரல் பார்க்கப்போகிறது, தாளத் தந்திகள் பக்கவாட்டிலிருந்து மேலே வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று வகுப்புகளில் அவருக்குச் சுற்று நிலைபெற்றது. மாறாக, தேவாலயப் பாடகர் குழுவில் பல ஆண்டுகள் பிளெக்ட்ரம் என்ற மீட்டுவில்லையைப் பிடித்து, பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுகளை வாசித்த ஓர் இளைஞருக்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றாகவே பூட்டிக் கிடந்தன. ஒன்று கீழே போனால் மற்றதும் கூடவே போகும். அவருக்கு முதல் இரண்டு வாரம் சுட்டுவிரலுக்கு வேலையே கொடுக்காமல், கட்டைவிரலோடு நடுவிரலை மட்டும் சேர்த்து வாசிக்க வைத்தேன். விரலைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கை அதுவரை என்ன செய்து வந்தது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

இனி மெட்டு விரல்களுக்கு வருவோம். ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள். உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, மற்ற விரல்களை விரித்து வையுங்கள். இப்போது கட்டைவிரலைத் தூக்குங்கள், சுட்டுவிரலைத் தூக்குங்கள், சுண்டுவிரலைத் தூக்குங்கள், மூன்றும் எழும். மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டது போல அசையாது. சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நிமிர்வதற்கென்று தனித் தசை இருக்கிறது. மோதிரவிரலுக்கு இல்லை, அதன் தசைநாண் புறங்கையில் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு குறுக்கே பிணைந்திருக்கிறது. பயிற்சியால் அதன் பலத்தையும் நேரத் துல்லியத்தையும் கூட்டலாம். ஆனால் அந்தப் பிணைப்பை அறுக்க முடியாது. ஆகவே மோதிரவிரலைப் பிற விரல்களோடு ஒரே நேரத்தில் மீட்டும் இடங்களுக்கு வைத்துக்கொள்வதும், ஒற்றைச் சுரங்களாக வேகமாக ஓடும் மெட்டுக்குச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் நம்புவதும் கையின் அமைப்போடு ஒத்துப்போகிற வழி.

நான் இழந்த அந்த ஓர் ஆண்டு இங்கேதான் போயிற்று. மூன்றாம் தந்திக்குச் சுட்டுவிரல், இரண்டாம் தந்திக்கு நடுவிரல், முதல் தந்திக்கு மோதிரவிரல் என்று தொடக்கத்தில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட விதியை எல்லாப் பாடல்களுக்கும் மாறாமல் கடைப்பிடித்தேன். பிரித்து மீட்டும் கார்டுகளுக்கு அந்த விதி மிக நல்ல விதி. ஆனால் ஸ்லாக் கீ மெட்டின் பெரும்பகுதி முதல் தந்தியிலேயே பாடுவதால், கையில் உள்ள விரல்களில் மெலிந்த ஓசை தரும் விரலிடம் பாட்டையே ஒப்படைத்தது போலாகிவிட்டது. ஒலிப்பதிவில் கேட்டபோது பேஸ் உருண்டு திரண்டும், மெட்டு நூல் போலவும் இருந்தது. முதல் தந்தியை நடுவிரலுக்கு மாற்றிய அன்றே மெட்டு முன்னால் வந்து நின்றது.

எனவே என் பரிந்துரை இது. மெட்டு முதல் இரண்டு தந்திகளில் ஒற்றைச் சுரங்களாகப் போகிறது என்றால் முதல் தந்திக்கு நடுவிரல், இரண்டாம் தந்திக்குச் சுட்டுவிரல் என்று கையை நிறுத்துங்கள். ஒரே தந்தியில் ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தால் இரு விரல்களையும் மாற்றி மாற்றி மீட்டுங்கள். தந்தி தாண்டும்போது மெல்லிய தந்திக்கு நடுவிரலும் அதற்கு அடுத்த தந்திக்குச் சுட்டுவிரலும் வருவதே கைக்கு இயல்பு. இது தலைகீழானால், அதாவது முதல் தந்தியைச் சுட்டுவிரலும் இரண்டாம் தந்தியை நடுவிரலும் மீட்ட நேர்ந்தால், விரல்கள் ஒன்றை ஒன்று தாண்டி முடிச்சு விழும். முடிச்சு விழும் இடத்தில் ஒரே விரலை இருமுறை பயன்படுத்தி அதை அவிழ்த்துவிடலாம். மெதுவான பாட்டில் அது யார் காதிலும் விழாது.

ஸ்லாக் கீயில் இன்னொரு வசதியும் உண்டு. மீட்டிய தந்தியில் இடக்கை விரலை ஓங்கி வைத்து மேல் சுரத்தை எழுப்புவதும், வைத்த விரலைச் சுண்டி எடுத்து கீழ்ச் சுரத்தை ஒலிக்கச் செய்வதும் இந்த இசையின் மூச்சு போன்றவை. முதல் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டை மீட்டி உடனே இடக்கை விரலைச் சுண்டி எடுத்தால் ஈ, டி என்று இரண்டு சுரங்கள் கேட்கும். வலக்கை ஒரே முறைதான் வேலை செய்திருக்கும். இரண்டாம் சுரம் ஒலிக்கும் நேரம் மீட்டிய விரலுக்கு ஓய்வு. இப்படிப்பட்ட அலங்காரம் அடர்ந்த இடங்களில் விரல் மாற்றத் தேவையே இருக்காது, நடுவிரல் ஒன்றே போதும். கட்டைவிரலோடு ஒரே விரலை வைத்துச் சிலர் அழகாக வாசிப்பதன் ரகசியங்களில் இது ஒன்று. ஒரே விரலால் வரும் மெட்டுக்கு ஒரே குரலில் பாடியது போன்ற ஒருமையும் கிடைக்கிறது.

மோதிரவிரல் உண்மையாகவே தேவைப்படும் இடம், சுரங்கள் ஜோடியாக நகரும் இடம். ஸ்லாக் கீயின் இனிமை என்று கேட்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த ஜோடிகளைத்தான். மூன்றாம் தந்தியைத் திறந்து விட்டு முதல் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட். பிறகு மூன்றாம் தந்தியில் இரண்டு, முதல் தந்தியில் நான்கு. அடுத்து நான்கு, ஐந்து. அதற்கடுத்து ஐந்து, ஏழு. நம் சுரங்களில் கீழே ச, ரி, க, ம என்று ஏற, மேலே த, நி, ச, ரி என்று கூடவே ஏறும். மீட்ட வேண்டியவை மூன்றாம் தந்தியும் முதல் தந்தியும். இடையில் இரண்டாம் தந்தி சும்மா இருக்க வேண்டும். இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. அந்தப் பகுதி முழுவதும் இந்த இரு தந்திகளிலேயே நகர்ந்தால் சுட்டுவிரலும் நடுவிரலும் போதும். இரண்டுக்கும் இடையே சற்று அகலம் வைத்துக்கொண்டால் ஓசை தடிமனாக வரும். ஆனால் இடையிடையே இரண்டாம் தந்தியில் ஒரு சுரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமானால், சுட்டுவிரல் மூன்றிலும் நடுவிரல் இரண்டிலும் மோதிரவிரல் ஒன்றிலும் நிற்பதே சரி. அப்போது மோதிரவிரல் தனியாக ஓடவில்லை, சுட்டுவிரலோடு சேர்ந்து ஒரே வீச்சில் மடங்குகிறது. அதனால் அதன் பலவீனம் தெரிவதில்லை.

நான்காம் தந்தியும் இரண்டாம் தந்தியும் சேரும் ஜோடிகளில் சிக்கல் இன்னும் கூடும். இரண்டும் திறந்த நிலை. பிறகு நான்காம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், இரண்டாம் தந்தியில் ஒன்று. அடுத்து நான்கு, மூன்று. அடுத்து இரண்டிலும் ஐந்து. நான்காம் தந்தி கட்டைவிரலின் வீடு அல்லவா? அதை மெட்டு எடுத்துக்கொள்வதால் ஐந்து, நான்கு, ஆறு, நான்கு என்ற சுற்று அங்கே செல்லாது. கட்டைவிரலை ஐந்துக்கும் ஆறுக்கும் மட்டும் மாறி மாறி அனுப்பிவிட்டு, சுட்டுவிரலை நான்காம் தந்திக்கு இறக்கி, நடுவிரலை இரண்டாம் தந்திக்குக் கொடுங்கள். புதிதாகப் பயில்கிறவர்கள் அவசரத்தில் கட்டைவிரலாலேயே நான்காம் தந்தியை மீட்டிவிடுகிறார்கள். ஜோடி சரியாகவே ஒலிக்கும், அடியில் பேஸ் காணாமல் போயிருக்கும்.

சிலர் கை ஆடாமல் இருப்பதற்காகச் சுண்டுவிரலைக் கிட்டாரின் முகப்பலகைமேல் ஊன்றுகிறார்கள். இரண்டு விரல்களோடு வாசிப்பவர்களுக்கு இதனால் தீங்கில்லை. மோதிரவிரலைப் பயன்படுத்துகிற பகுதிகளில் மட்டும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஊன்றிய சுண்டுவிரல் தன் பக்கத்து விரலையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தும்.

தளர்ந்த தந்தி என்பதை வலக்கை ஒருபோதும் மறக்கக் கூடாது. முறுக்கு குறைந்த தந்தி பலமாக மீட்டினால் அகலமாக அதிரும்; ஃப்ரெட்டில் இரையும்; மீட்டிய கணத்தில் சுருதி சற்று ஏறி, பிறகு இறங்கி நிலைக்கும். ஆறாம் தந்தியில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். அதனால் கட்டைவிரலுக்கு நகத்தைவிடச் சதையே நல்லது என்பது என் அனுபவம். பேஸ் தனித்துக் கேட்க வேண்டும் என்பவர்கள் கட்டைவிரலில் மாட்டும் பிளாஸ்டிக் பிக்கைப் பயன்படுத்தலாம், ஆனால் மீட்டும் பலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். மெட்டு விரல்களின் நகம், உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தால் சதைக்கு மேல் நூலளவு தெரிந்தால் போதும். முதலில் சதை தொட்டு, பிறகு நகம் தந்தியை விடுவிக்கும். மூன்று விரல்களின் நகமும் ஒரே அளவில் இல்லாவிட்டால் ஒவ்வொரு விரலும் வெவ்வேறு குரலில் பேசும்.

வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? அக்னி நட்சத்திர நாட்களில் பிற்பகலில் கிட்டாரை எடுத்தால் விரல் நுனியில் வியர்வை ஊறி, சதை தந்தியோடு ஒட்டி இழுபடும். முதலில் தடுமாறுவது மோதிரவிரல். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு விரலமைப்பை எடை போட்டு, இது எனக்கு ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். காலை 7 மணிக்கு முன்னால், கையை உலர்த்தி, சுருதியைச் சரிபார்த்துவிட்டு வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒரு புதிய பாட்டுக்கு விரல் குறிக்கும்போது, நான் தொடக்கத்திலிருந்து குறிப்பதில்லை. மிகக் கடினமான இரண்டு இடங்களை முதலில் கண்டுபிடித்து, அங்கே எந்த விரல்கள் விழுந்தால் கை நிம்மதியாக இருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி வருகிறேன். ஏனென்றால் கடினமான இடத்துக்கு முந்தைய சுரத்தை எந்த விரல் மீட்டியது என்பதே அந்த இடம் எளிதாவதையும் ஆகாததையும் முடிவு செய்கிறது. முதலில் இடக்கையைத் தொடாமல், திறந்த தந்திகளிலேயே வலக்கையின் வரிசையை மட்டும் வாசித்துப் பார்ப்பேன். பிறகு பென்சிலால் சுரத்துக்கு மேல் க, சு, ந, மோ என்று எழுதுவேன்: கட்டை, சுட்டு, நடு, மோதிரம். பேனாவால் எழுதாதீர்கள், ஒரு வாரத்தில் நான்கில் ஒன்றாவது மாறும். மாற்றி முடித்த பிறகு மட்டும் விரலமைப்பை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு விரல், நாளை ஒரு விரல் என்று வாசித்தால் கைக்கு எதுவும் பழகாது.

எடுத்துக்காட்டாக, பாடலின் சரணங்களுக்கு நடுவே வரும் சிறு திருப்பத்தைக் குறித்துக் காட்டுகிறேன்; இது ஏ செவன், டி செவன், ஜி என்ற மூன்று கார்டுகளின் வழியே வீடு திரும்பும். ஏ செவனுக்கு ஐந்தாம், நான்காம், இரண்டாம் தந்திகளில் இரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தி, மூன்றாம் தந்தியைத் திறந்து விடுங்கள். டி செவனுக்கு மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட். ஜி-க்கு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு கார்டுகளுக்கும் இரண்டிரண்டு அடிகள், ஜி-க்கு நான்கு அடிகள். கட்டைவிரல் ஐந்து, நான்கு, ஆறு, நான்கு, ஐந்து, நான்கு, ஆறு, நான்கு என்று போகும். மூன்றாம் தந்தி முழுவதும் சுட்டுவிரலுக்கு, இரண்டாம் தந்தி முழுவதும் நடுவிரலுக்கு. ஒவ்வொரு கார்டின் முதல் அடியிலும் கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து மீட்ட, அடுத்த அரை அடியில் சுட்டுவிரல் தனியாக வரும். இரண்டாம் தந்தியில் சி ஷார்ப், சி, பி என்று அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்கும் அந்த வரிதான் திருப்பத்தின் உயிர் என்பதால், மூன்று சுரங்களையும் ஒரே விரலே மீட்ட வேண்டும். மோதிரவிரல் முதல் தந்திக்கு மேலே தொடாமல் தளர்ந்து நிற்கட்டும். அடுத்த சரணம் ஜோடிச் சுரங்களில் தொடங்கினால் அது அங்கேயே இருந்து சேர்ந்துகொள்ளும்.